பக்கத்தில் வரக்கூடாத இரண்டு சொற்கள்

இந்தச் செய்தி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மொழிபெயர்ப்பைப் பற்றியும் உச்சரிப்பைப் பற்றியும் சொல்லிக்கொடுக்கும்படிதான் என்னை அழைத்தார்கள். அவற்றை நீங்களாகவே கற்றுக்கொள்வீர்கள். கற்காவிட்டால், பார்க்கிறவர்கள் தொலைபேசியில் திட்டித் திட்டிக் கற்பித்துவிடுவார்கள். நான் பேச வந்தது வேறு விஷயம். மனிதர்கள் கூட்டமாக அழும் படம் ஒன்று உங்கள் முன்னால் வந்து விழும். அதற்கு நீங்கள் குரல் கொடுக்க வேண்டியிருக்கும். அப்போது என்ன செய்வீர்கள்?

இவன் ஓய்வு பெற்ற மனிதன், இனி யாருக்கும் பயப்படாமல் பேசுவான் என்று நினைக்காதீர்கள். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான இந்த லா சப்பலில் அப்படி ஒரு வயது இல்லை. பெயர்களை விட்டுவிட்டும் மாற்றியும்தான் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு டிசம்பர். நான் அப்போது ஒரு சின்னத் தமிழ்த் தொலைக்காட்சியில் செய்தியாசிரியர். புடைவைக்கடை ஒன்றின் பின்பக்கம், முற்றத்தைத் தாண்டி, முன்பு தோல்பை தைத்த பட்டறை ஒன்றில் எங்கள் நிலையம் இருந்தது. மழை பெய்தால் கூரையில் விழும் சத்தம் செய்தியோடு சேர்ந்து போகும். வேலை செய்தவர்கள் கொஞ்சப் பேர். உங்களுக்குத் தெரிய வேண்டியவர்கள் மூன்று பேர்தான்.

ஒருவர் சுகந்தி, மதியச் செய்தி வாசிப்பவர். புங்குடுதீவுப் பெண். பள்ளிக்கூடக் கன்ரீன் ஒன்றில் பாத்திரம் கழுவும் வேலை பார்த்தபடி, இடையில் ஓடி வந்து செய்தி வாசித்துவிட்டுப் போவார். கையில் ப்ளீச் வாசனை இருக்கும். குரலில் ஒரு பிசிறும் இருக்காது. இரண்டாமவர் மதன். சென்னையில் பெரிய தொலைக்காட்சி ஒன்றில் படத்தொகுப்பாளராக இருந்தவர். மனைவி இங்கே ஆராய்ச்சிக்கு வந்ததால் தானும் வந்து, எங்கள் சம்பளத்துக்குச் சம்மதித்தவர். மூன்றாமவர் நிலையத்தின் பொறுப்பாளர். அவரை எல்லோரும் பொறுப்பாளர் என்றே சொல்வோம். வெளியிலிருந்து யார் யாரோ அவரோடு தொலைபேசியில் பேசுவார்கள். பேசி முடிந்ததும் எங்கள் செய்தியில் ஏதாவது ஒன்று காணாமல் போகும்.

அன்று திங்கட்கிழமை. பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டதால் சுகந்தி காலையிலேயே வந்திருந்தார். வட கொரியாவின் தலைவர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. சற்று நேரத்தில் படங்களும் வந்தன. கறுப்பு உடை உடுத்த பெண் ஒருவர் தொண்டை அடைக்க அடைக்கச் செய்தியை வாசித்தார். பிறகு சதுக்கங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் முழந்தாளிட்டு, நிலத்தில் அடித்து, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கதறினார்கள். வரிசை குலையவில்லை. அதுதான் என் கண்ணில் முதலில் பட்டது.

மதன் சிரித்துவிட்டார்.

"சார், இங்க வந்து பாருங்க. ரிகர்சல் பார்த்துட்டு வந்திருப்பாங்க போல. எங்க ஊர்ல தலைவர் செத்தா பஸ்ஸக் கொளுத்துவாங்க, கடையப் பூட்டச் சொல்லி அடிப்பாங்க. இப்படி லைன்ல நின்னு அழ மாட்டாங்க சார். கடைசி செக்மென்ட்ல ஒரு மியூசிக் போட்டு விடலாமா? சும்மா பிச்சுக்கும்."

மதன் கெட்ட மனிதர் அல்ல. அன்றைக்கு உலகம் முழுவதும் செய்தி அறைகளில் இந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். நான் அவரிடம் ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னேன். கமரா எங்கே நிற்கிறது என்று. ஒவ்வொரு துண்டுப் படமும் அழுகையின் நடுவில்தான் தொடங்கியது. யாரும் அழ ஆரம்பிப்பதைக் காணவில்லை, யாரும் அழுது ஓய்வதையும் காணவில்லை. முன்வரிசை முகங்கள் எல்லாம் வெளிச்சத்தில் இருந்தன. கமரா முதலில் போய்ச் சரியான இடத்தில் நின்றிருக்கிறது, அழுகை பிறகுதான் வந்திருக்கிறது. ஆகவே 'மக்கள் கதறி அழுதார்கள்' என்று நாம் எழுத முடியாது. 'நடித்தார்கள்' என்றும் எழுத முடியாது, ஏனென்றால் அதற்கும் நம்மிடம் ஆதாரம் கிடையாது. 'மக்கள் அழும் காட்சிகளை அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது' என்று எழுதலாம். அவ்வளவுதான் நமக்குத் தெரிந்தது.

சுகந்தி எங்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 

"மதன் தம்பி, அந்தச் சாம்பல் கோட்டு மனிசியைத் திருப்பிப் போடுங்கோ."

மதன் போட்டார். நடுத்தர வயதுப் பெண். மற்றவர்களைப் போல் கையை உயர்த்தி அடிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். வாய் திறந்திருந்தது.

"இவ நடிக்கேல்லை."

"அக்கா, அந்த ஆளு போனதுக்கு இவ்ளோ அழறாங்கன்னு நம்புறீங்களா?"

"அவருக்குத்தான் அழுறா எண்டு நான் சொல்லேல்லையே." சுகந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அங்கை முந்திப் பஞ்சத்திலை எத்தினை சனம் செத்தது? இவவுக்குப் பிள்ளை ஒண்டு செத்திருக்கும். சத்தம் போட்டு அழ விட்டிருப்பினமோ? இண்டைக்குத்தானே அழலாம் எண்டு சொல்லியிருக்கினம். சொன்னவுடனை உள்ளை கிடந்த செத்தவீடெல்லாம் வெளியிலை வந்திட்டுது."

மதன் படத்தை நிறுத்திவிட்டார். இசையைப் பற்றி அதன்பிறகு பேசவில்லை.

சுகந்தி சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அதைச் செய்தியில் எழுத முடியாது. ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொன்னால்தான் மிச்சம் உங்களுக்கு விளங்கும்.

சுகந்திக்கு ரமணன் என்று ஒரு தம்பி. போராளி. கடைசிக் காலத்தில், இயக்கத் தலைவரின் பாதுகாப்புக்கு நின்றவர்களில் ஒருவன் என்று சொல்வார்கள். இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் வன்னியின் கடைசிக் கடற்கரையில் செத்துப்போனான். தாய் பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்திருக்கிறார். இன்னொருவர் உதவியோடு அவரே அவனைப் புதைத்துவிட்டு, பிறகு முகாமுக்குப் போனார். முகாமிலிருந்து யாருடையதோ தொலைபேசியில் மகளுக்கு ஒரு வரி சொன்னார்: "நான்தான் மண் போட்டனான்."

எங்கள் தொழிலில் மரண அறிவித்தல் பெரிய விஷயம். உங்களுக்குத் தெரியும். ஊரில் ஒருவர் செத்தால் பாரிஸில், ரொறன்ரோவில், லண்டனில் இருக்கிறவர்கள் திரையில் அந்தப் படத்தைப் பார்த்தபிறகுதான் அது செத்தவீடாகிறது. சுகந்தி தம்பியின் படத்தோடு வந்து அறிவித்தல் போடக் கேட்டார். பொறுப்பாளர் மறுத்துவிட்டார்.

"பிள்ளை, கொஞ்சம் யோசியும். உம்மடை தம்பி ஆரோடை நிண்டவன்? அவன் செத்திட்டான் எண்டு நாங்கள் போட்டா, சனம் அடுத்ததா என்ன கேக்கும்? அப்ப அவர் எங்கை எண்டு கேக்கும். நான் என்ன சொல்லுறது?"

நான் அறிவித்தலைப் போடத்தான் வேண்டும் என்று வாதாடினேன். பலனில்லை. தலைவர் உயிரோடு இருக்கிறார், வருவார் என்பதுதான் அன்று லா சப்பலின் சட்டம். இல்லை என்று சொன்னவனோடு பேசுவதைச் சனம் நிறுத்தியது. வீரச்சாவு என்று அறிவிக்க அமைப்பு மிஞ்சவில்லை, காலமானார் என்று அறிவிக்க அனுமதி கிடைக்கவில்லை. முப்பத்தோராம் நாளும் இல்லை, ஆண்டுத்திவசமும் இல்லை. சுகந்தி அடுத்த நாளே வந்து செய்தி வாசித்தார். இரண்டரை வருடமாக வாசித்துக்கொண்டிருந்தார். நிலையத்தில் யாரும் அவரிடம் ரமணனைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டால் ஏதோ ஒரு பக்கம் நிற்க வேண்டிவரும்.

சரி, அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

நான் செய்தியை எழுதிக் கொடுத்தேன். திரையின் அடியில் ஓடும் வரியையும் எழுதினேன்: 'வட கொரியத் தலைவர் மரணம்.' நான்கு சொல். அது ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பொறுப்பாளர் தன் அறையிலிருந்து ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"என்ன ஐசே இது? உடனை எடும்!"

"என்ன பிழை?"

"தலைவர், மரணம் எண்டு பக்கத்திலை பக்கத்திலை ஓடுது. கடையிலை சாமான் வாங்கிறவன் முழுசாவே வாசிக்கிறான்? ரீவியை நிமிந்து பாப்பான், ரெண்டு சொல் கண்ணிலை படும். இப்பவே ரெண்டு பேர் போன் எடுத்திட்டினம், என்ன நடந்தது எண்டு."

"அப்ப என்னெண்டு போடுறது?"

"அதிபர் எண்டு போடும். அதிபர் காலமானார். உள்ளை தனிமனித வழிபாடு எண்டு ஒரு சொல் எழுதியிருக்கிறீர், அதையும் எடும். எங்கடை ஆக்கள் அதை வேற மாதிரி விளங்கிக்கொள்ளுவினம்."

வேற மாதிரி.  எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், கதவை மூடிக்கொண்டு இருக்கும் ஒரு நாட்டின் செய்தியை, பாரிஸில் ஒரு சுதந்திரமான தொலைக்காட்சியில் இருந்துகொண்டு, அந்த நாட்டுக்காரன் எழுதுவது போலவே நாங்கள் சொல்லுக்குச் சொல் தடவிப் பார்த்து எழுதினோம். யாரும் எங்கள் தலையில் துப்பாக்கி வைக்கவில்லை. பிரெஞ்சு அரசு எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. இதை நீங்கள் மறக்காதீர்கள். எழுதக்கூடாத சொல் எது என்று ஒரு சமூகத்துக்குத் தானாகத் தெரிந்துவிட்டால் அங்கே தணிக்கை அதிகாரிக்கு வேலை இல்லை.

'தலைவர்' போனது, 'அதிபர்' வந்தது. 'தனிமனித வழிபாடு' என்பதை மட்டும் நான் எடுக்கவில்லை. அது இல்லாமல் அந்தச் செய்திக்கு அர்த்தம் கிடையாது. வாசிப்பவர் விரும்பினால் வாசிக்கட்டும் என்று விட்டேன்.

மதியச் செய்தி நேரலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுகந்தி. இந்தப் பக்கம் இயந்திரத்தின் முன் மதனும் நானும். பொறுப்பாளரும் அன்று வந்து எங்கள் பின்னால் நின்றார், சுகந்தி அந்தச் சொல்லை வாசிக்கிறாரா என்று பார்க்க.

வாசித்தார். ஒரு எழுத்தும் குறையாமல், தனிமனித வழிபாடு என்று நிறுத்தி நிதானமாக வாசித்தார். பொறுப்பாளர் எனக்குப் பின்னால் மூச்சு விடுவது கேட்டது. அடுத்தது பிரெஞ்சு வேலைநிறுத்தச் செய்தி. சுகந்தி தாளைத் திருப்பவில்லை. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நேரே கமராவைப் பார்த்தார்.

"மரண அறிவித்தல்" என்றார்.

அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் யார் யாருடைய தாய் தகப்பனுக்கோ வாசிக்கும் அதே குரல். நடுக்கம் இல்லை.

"புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் கிளிநொச்சியை வதிவிடமாகவும் கொண்ட நடராசா ரமணன் இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசி மாதம் காலமானார்."

"வெட்டு!" என்று பொறுப்பாளர் கத்தினார். "விளம்பரத்தைப் போடு! வெட்டடா!"

மதனின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். செய்தியறையில் முடிவு எடுக்க உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான், ஒருவர் உங்களைத் திரும்பிப் பார்க்கும் நேரம். விதிப்படி நான் வெட்டியிருக்க வேண்டும். எழுதிக் கொடுக்காததை வாசிப்பது குற்றம், சொந்த விஷயத்தைச் செய்தியில் பேசுவது அதைவிடக் குற்றம். நானே அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன். ஆனால் காலையிலிருந்து நாங்கள் போட்ட எல்லாவற்றிலும், சந்தேகமே இல்லாமல் உண்மை என்று எனக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்தை அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"தொடாதேங்கோ மதன்" என்றேன்.

பொறுப்பாளர் என்னைத் தள்ளிவிட்டுத் தானே இயந்திரத்தில் கை வைத்தார். அவருக்கு அதில் எது எதற்கு என்று தெரியாது. கையில் பட்டதை அமுக்கினார். சுகந்தியின் முகம் திரையிலிருந்து போனது. அதற்குப் பதிலாக வந்தது அந்த வட கொரியப் படம். ஒலி போகவில்லை.

"அன்னார், காலஞ்சென்ற நடராசா, இராசம்மா தம்பதிகளின் அன்பு மகனும், சுகந்தியின் பாசமிகு தம்பியும் ஆவார்."

திரை முழுவதும் சதுக்கம். ஆயிரக்கணக்கானவர்கள் மார்பில் அடித்துக் கதறினார்கள். சாம்பல் கோட்டுப் பெண் வயிற்றைப் பிடித்துக் குனிந்தார். பொறுப்பாளர் இன்னொன்றை அமுக்கினார், மற்றொரு சதுக்கம் வந்தது, அங்கேயும் அழுதார்கள். தமிழ்த் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த வீடுகளிலும் கடைகளிலும் ஒரு நாடே ரமணனுக்காக அழுதது.

"இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" என்று முடித்தார் சுகந்தி. பிறகு தாளைத் திருப்பி வைத்து வேலைநிறுத்தச் செய்தியை வாசித்தார். கடைசியில் வணக்கம் சொன்னார். எழுந்து வந்து கோட்டைப் போட்டுக்கொண்டு, "போயிட்டு வாறன் அண்ணை" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பொறுப்பாளர் போகச் சொல்லும்வரை அவர் காத்திருக்கவில்லை.

தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முதலில் வந்தவை ஏச்சுக்கள். துரோகி, விலைபோனவள், எவ்வளவு வாங்கினவள். இவற்றை எதிர்பார்த்தேன். எதிர்பாராதது பின்னேரம் வந்தது. ஒரு பெண் மெல்லிய குரலில், யாரோ பக்கத்து அறையில் இருப்பது போலப் பேசினார். "எங்கடை பிள்ளையின்ரை அறிவித்தலும் போடுவியளோ?" பிறகு ஒரு முதியவர், அதே கேள்வி. பிறகு இன்னொருவர். சிலர் பெயர் சொல்லவில்லை, போடுவீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டுப் பயனில்லை என்று அவர்களுக்கும் தெரியும்.

மறுநாள் காலை பொறுப்பாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். கத்தவில்லை. இரவு முழுதும் யாரோடோ பேசிக் களைத்த மனிதர் போல இருந்தார்.

"ஒரு மறுப்பு எழுதும். நேற்று ஒளிபரப்பான மரண அறிவித்தல் உறுதிப்படுத்தப்படாத தகவல், அதுக்கு வருந்துறம் எண்டு. நாலு வரி போதும்."

"அது உறுதியான தகவல்."

"ஆர் உறுதி செய்தது? நீர்தானே எல்லாருக்கும் படிப்பிக்கிறனீர், ரெண்டு இடத்திலை கேக்காமல் போடக்கூடாதெண்டு. கொரியாக்காரன் அழுததையே அரசுத் தொலைக்காட்சி காட்டியது எண்டு எழுதின ஆள் நீர். இதுக்கு மட்டும் என்ன ஆதாரம்?"

உங்களில் யாராவது ஒருநாள் இந்த நாற்காலிக்கு வருவீர்கள். அப்போது உங்கள் சொந்த விதியை எடுத்து உங்கள் கழுத்திலேயே வைப்பார்கள். அதைப் போல வலிக்கும் கத்தி வேறு இல்லை. விதி எதற்காக வந்தது என்று அப்போது ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஒருவன் விரும்புவதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. ஒருவன் விரும்பவில்லை என்பதற்காக ஒரு சாவை இல்லாமல் ஆக்க வந்ததல்ல.

"தாய்தான் மண் போட்டவ" என்றேன். "அதுக்கு மேலை ஒரு ஆதாரம் எனக்குத் தெரியாது."

"தாய் ஒரு ஆள்தானே" என்றார் அவர்.

நான் மறுப்பை எழுதவில்லை. அன்றே வேலையை விட்டேன். இதை வீரம் என்று சொல்லவில்லை. எனக்கு வேறு இடத்தில் மொழிபெயர்ப்பு வேலை கிடைக்கும் என்று தெரியும். மதன் வேலையை விடவில்லை, அவருக்கு விசாப் பிரச்சினை. மறுப்பைப் பொறுப்பாளரே எழுதி, அவரே மாலையில் வாசித்தார். உறுதிப்படுத்தப்படாத என்ற சொல்லில் அவர் நாக்கு இடறியது. ரமணன் இவ்வாறு ஒரு நாள் செத்து, மறுநாள் செத்தது உறுதியில்லாதவன் ஆனான்.

சுகந்தி வீட்டில் ஒரு நினைவு வைக்க நினைத்தார். பாரிஸின் புறநகரான லா கூர்னெவில் அவருடைய வீடு. லா சப்பல் கடைக் கண்ணாடிகளைப் பார்த்திருப்பீர்கள், செத்தவர்களின் படம் ஒட்டாத கண்ணாடி இல்லை. ரமணனின் படத்தை ஒட்ட ஒரு கடைக்காரரும் சம்மதிக்கவில்லை. ஒருவர் படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "வடிவான பெடியன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். ஆகவே வாய்வழியாகவே சொன்னோம். அங்கே, வட கொரியாவில், இறுதி ஊர்வலம் நடந்த அதே நாள்தான் நினைவு. அப்படித் திட்டமிடவில்லை, சுகந்தியின் கணவருக்கு அன்றுதான் லீவு.

நான் பின்னேரம் போனேன். மதனும் மனைவியோடு வந்திருந்தார். தெரிந்த குடும்பங்களில் பாதிக்குக் காய்ச்சல், மீதிக்கு வேலை. வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நிலத்தில் விரித்த துணியில் இருந்தார்கள். மேசையில் ரமணனின் படம், முன்னால் விளக்கு. தொலைக்காட்சி சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் அதை அணைக்கத் தோன்றவில்லை. திரையில் பனி கொட்டியது. கறுப்புக் கார் ஒன்று பெரிய படம் ஒன்றைச் சுமந்து மெதுவாக ஊர்ந்தது. வீதியோரம் சிப்பாய்களும் பெண்களும் கதறினார்கள்.

எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரமணனின் படத்தை நேராகப் பார்க்க யாருக்கும் துணிவு வரவில்லை. பக்கத்து வீட்டுச் சுவருக்குக் கேட்கும் என்பது போலப் பேச்சு முழுவதும் கிசுகிசுப்பாக இருந்தது. பக்கத்து வீட்டில் இருந்தது மாலி நாட்டு ஆபிரிக்கக் குடும்பம் ஒன்று.

மூலையில் இருந்த ஒரு மனிசி சொன்னார்: "பாருங்கோ. அவையை அழ விடுகினம்."

 பிறகு அவரே அழத் தொடங்கினார். முதலில் முனகல் போல ஒரு சத்தம் வந்தது. "என்ரை ராசா" என்றார். ரமணனை அவர் பார்த்ததே இல்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவர் வேறொரு பெயரைச் சொன்னார். அதற்குப் பக்கத்தில் இருந்தவர் இரண்டு பெயர்களைச் சொன்னார். அந்தச் சின்ன அறையில் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு அழுதார்கள். தொலைக்காட்சியில் பனி கொட்டிக்கொண்டே இருந்தது. மதன் எழுந்து சாளரப் பக்கம் போய் நின்றார். சுகந்தி அழவில்லை. ஒவ்வொருவரையும் தோளில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது கதவு மணி அடித்தது. அறை ஒரே நேரத்தில் அடங்கியது. அடங்கிய வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பாரிஸில், ஒரு தமிழ் வீட்டில், செத்தவீட்டில், மணி அடித்ததற்கு.

நான் கதவைத் திறந்தேன். பொறுப்பாளரின் மனைவி நின்றார். தலையில் துணி சுற்றி, கழுத்துச் சால்வையை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார். உள்ளே வரலாமா என்று கேட்கக்கூட இல்லை. நேரே போய்ச் சுகந்தியின் முன்னால் இருந்தார்.

"என்ரை தம்பியும் உன்ரை தம்பியோடைதான் நிண்டவன்" என்றார். "என்ரை மனிசன் ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்லுறார், என்ரை தம்பி உயிரோடை இருக்கிறான், தலைவரோடை ஒருநாள் வருவான் எண்டு. சாப்பிடேக்கை சொல்லுவார். படுக்கேக்கை சொல்லுவார். அவன் வரமாட்டான், பிள்ளை. எனக்கு அப்பவே தெரியும்."

அதன்பிறகு அவர் அழுத அழுகையை நான் விவரிக்கப் போவதில்லை. இத்தனை வருடம் அழுகைக்குச் சொல் தேடியவன் நான், அதற்குச் சொல் கிடைக்கவில்லை. சுகந்தி அவரைக் கட்டிப்பிடித்தார். சுகந்தியும் அப்போதுதான் அழுதார்.

இருட்டும் முன்பே பொறுப்பாளரின் மனைவி எழுந்தார். அடுத்த ரயிலைப் பிடித்துக் கார் து நோர் நிலையத்தில் இறங்கி, கடையில் ஏதாவது வாங்கிக்கொண்டு போனால் சந்தேகம் வராது என்றார். நான் அவரை வாசல்வரை கூட்டிப் போனேன். வழியில் இருந்த கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். கைக்குட்டையை நனைத்து வந்து கண்ணை ஒற்றினார். திரும்பவும் பார்த்தார். பொட்டைச் சரிசெய்தார்.

"நான் வந்ததை அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை."

சொல்லமாட்டேன் என்றேன்.

"கண் சிவந்திருக்கோ?"

சிவந்துதான் இருந்தது. இல்லை என்றேன்.